விசிட்டிங் கார்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர்

நமது கடைகளில் கம்ப்யூட்டர் புழக்கத்திற்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பில் போடுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது, வரிக் கணக்குத் தயாரிப்பது எல்லாம் இன்று அதில்தான் நடக்கிறது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுப் பிள்ளைகள் தொட்டால் நாம் பதறிப்போகிறோம். பதறுவதில் தவறில்லை. ஏதாவது ஒன்று அழிந்தால் மாதக் கணக்கே போய்விடும். ஆனால் இதனால் வேறொரு நஷ்டம் ஏற்படுகிறது. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களாக வளர்கிறார்களே தவிர, அதை வேலை வாங்கத் தெரிந்தவர்களாக வளர்வதில்லை.

‘தொடாதே’ என்று சொல்லத் தேவையில்லாத ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்துச் சிலர் செய்த பொருள்தான் ‘ராஸ்பெர்ரி பை’. ஏறத்தாழ ஒரு விசிட்டிங் கார்டு அளவுள்ள ஒரே போர்டில் ஒரு முழுக் கம்ப்யூட்டர் அடங்கியிருக்கிறது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாகியிருக்கிறது. இதன் தொழில்நுட்பம் எஞ்சினியர்களுக்கு உரியது. ஆனால் இதன் விலைக் கணக்கும் விற்பனை வரலாறும் வணிகர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

ஏன் பிறந்தது?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகார்ன் என்ற நிறுவனம் 1981-ல் ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. பிரிட்டனின் பெரும்பாலான பள்ளிகளில் அது இடம்பெற்றது. அதை இயக்கியதும் திரையில் வருவது புரோகிராம் எழுதுவதற்கான வெற்று இடம். எனவே அதை வைத்திருந்த மாணவர்கள் தாமாகவே எழுதக் கற்றனர். அந்தத் தலைமுறைதான் பின்னாளில் அந்நாட்டின் கம்ப்யூட்டர் தொழிலை நடத்தியது.

பிறகு நிலைமை மாறியது. வீடுகளுக்கு விலை உயர்ந்த பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. அது அப்பாவின் அலுவலக வேலைக்கு. பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி வந்தது. அதில் விளையாடலாம், புதிதாக ஒன்றை எழுத முடியாது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு வரும் விண்ணப்பங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. வந்தவர்களிலும் முன்போல் வீட்டிலேயே புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் குறைந்துபோயினர்.

அங்கே மாணவர் சேர்க்கையைக் கவனித்துவந்த எபென் அப்டன் இதற்கு ஒரு வழி தேடினார். 2006-லேயே அவர் ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார். ராப் முல்லின்ஸ், ஜாக் லாங், ஆலன் மைக்ராஃப்ட், பீட் லோமாஸ், டேவிட் பிராபென் ஆகியோர் அவருடன் சேர, 2009-ல் ராஸ்பெர்ரி பை ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பதிவாயிற்று. நோக்கம் ஒன்றுதான். ஒரு மாணவன் தன் கைக்காசில் வாங்கக்கூடிய விலையில், உடைத்தாலும் வீட்டில் பெரிய சண்டை வராத விலையில், ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

முதலில் விலை, பிறகு சரக்கு

நாம் கொள்முதல் விலையைப் பார்த்து, செலவைக் கூட்டி, லாபம் வைத்து விற்பனை விலை போடுகிறோம். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். 2011 மே மாதம் பிராபென் இதன் மாதிரி ஒன்றை பி.பி.சி. நிருபரிடம் காட்டினார். அந்த வீடியோவைச் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டனர். 25 டாலருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற வாக்கு ஊரெல்லாம் பரவிவிட்டது. அதன்பின் அந்த விலைக்குள் பொருளை அடக்கியாக வேண்டியதாயிற்று.

எப்படி அடக்கினார்கள்? மளிகைக் கடைக்காரருக்கு இது எளிதில் புரியும். பாக்கெட்டில் அடைத்து, படம் அச்சிட்டு, பெட்டியில் போட்டு விற்கும் பருப்புக்கும், மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கும் விலை வேறு. இவர்கள் கம்ப்யூட்டரை உதிரியாக விற்றார்கள்.

மேல் பெட்டி இல்லை. சார்ஜர் இல்லை. கீபோர்டு, மவுஸ் இல்லை. திரை இல்லை, வீட்டு டி.வி.யில் இணைத்துக்கொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்க் இல்லை. கேமராவில் போடும் மெமரி கார்டே போதும். நேரத்தை நினைவில் வைக்கும் சிறு பேட்டரி கூட இல்லை. இயங்குதளம் லினக்ஸ்; அதற்குக் காசு கிடையாது. மூளையாக வைத்த சில்லு பிராட்காம் நிறுவனம் ஏற்கெனவே தயாரித்து வந்த வகை; இதற்கென்று தனியாக ஒரு சில்லை வடிவமைக்கும் செலவு மிச்சமாயிற்று. அப்டன் அந்த நிறுவனத்தில் பணியாற்றியவர் என்பதும் உதவியது.

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனை தொடங்கியது. முதலில் வந்த ‘மாடல் பி’ 35 டாலர், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 1,700 ரூபாய். 25 டாலர் ‘மாடல் ஏ’ 2013-ல் வந்தது. வாக்கும் காப்பாற்றப்பட்டது. மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள் பழைய பி.பி.சி. மைக்ரோவின் நினைவாக வைக்கப்பட்டவை.

முதல் இல்லாதவர் செய்த ஏற்பாடு

ஃபவுண்டேஷன் முதல் தவணையாகத் திட்டமிட்டது 10,000 போர்டுகள். ஆனால் தொடக்க நாளிலேயே ஒரு லட்சம் பேர் கேட்டு வந்தனர். விற்பனையாளர்களின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் நின்றுபோயின.

இங்கேதான் பல சிறு தொழில்கள் மூழ்குகின்றன. ஆர்டர் வந்து குவியும். சரக்கு வாங்கக் கையில் முதல் இருக்காது. கடன் வாங்கிச் சரக்கைப் போட்டால் வட்டி லாபத்தைத் தின்னும். இவர்கள் அந்த வழியில் போகவில்லை. ஆர்.எஸ். காம்போனென்ட்ஸ், பிரீமியர் ஃபார்னெல் என்ற இரண்டு பெரிய மின்னணுப் பொருள் விநியோகஸ்தர்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். தயாரிப்புக்கான முதலும், கிடங்கும், பார்சலும் அவர்கள் பொறுப்பு. விற்கும் ஒவ்வொரு போர்டுக்கும் ஃபவுண்டேஷனுக்கு ஒரு பங்கு. சரக்கில் முதலை முடக்காமலேயே ஓராண்டுக்குள் பத்து லட்சம் போர்டுகள் விற்றன.

முதலில் சீனாவில் தயாரானது. 2012 இறுதியில் வேல்ஸ் பகுதியில் பென்கோயட் என்ற ஊரில் உள்ள சோனி தொழிற்சாலைக்குத் தயாரிப்பு மாறத் தொடங்கியது. கூலி அதிகமுள்ள நாட்டில் மலிவுப் பொருள் செய்ய முடியாது என்று பலர் நினைத்தனர். இயந்திரங்களால் வேலையைச் சுருக்கி, அதே விலைக்குள் செய்து காட்டினர்.

விலையை ஏற்றாமல் சரக்கை உயர்த்தியது

விலையைக் குறைத்து ஒருமுறை விற்பது பெரிதல்ல. ஆடித் தள்ளுபடியில் எல்லோரும் செய்வதுதான். அதே விலையில் ஆண்டுக்கு ஆண்டு தரத்தை உயர்த்துவதே கடினம். 2012-ல் 35 டாலருக்கு 256 எம்.பி. நினைவகம் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதே விலைக்கு அது இரு மடங்காயிற்று. 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஒரு ஜி.பி. நினைவகத்துடன் 35 டாலர். 2016-ல் வந்த மூன்றாம் பதிப்பில் வைஃபை வசதியும் சேர்ந்தது; விலை 35 டாலரே. 2019-ல் வந்த நான்காம் பதிப்பின் தொடக்க விலையும் அதுவே.

இதற்கிடையில் 2015 நவம்பரில் 5 டாலருக்கு ‘பை ஜீரோ’ என்ற சிறு போர்டு வந்தது. அவர்களுடைய ‘மேக்பை’ என்ற பத்திரிகையின் ஓர் இதழில் அட்டையோடு ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். பத்திரிகையோடு ஷாம்பு பாக்கெட் கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கம்ப்யூட்டர் கொடுத்தது அதுதான் முதல் முறை.

வாங்கியவர்கள் என்ன செய்கிறார்கள்?

இந்தப் போர்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு பின்கள் இருக்கும். முதலில் 26 இருந்தன. 2014 முதல் 40. சாதாரணக் கம்ப்யூட்டரில் இவை கிடையாது. இவற்றில் வயரைச் செருகி விளக்கை எரிய வைக்கலாம், மோட்டாரை ஓட்டலாம், வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கலாம். திரையில் எழுதும் இரண்டு வரி, மேசைமேல் ஒரு விளக்கை எரிய வைக்கிறது. பிள்ளைகளை இழுப்பது இதுதான்.

பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பழைய வீடியோ கேம் பெட்டி, வீட்டு வானிலை நிலையம், தோட்டத்துக்கு வரும் பறவையைத் தானே படமெடுக்கும் கேமரா, குடும்பப் போட்டோக்களைச் சேமிக்கும் பெட்டி என்று பலவும் செய்கிறார்கள். 2015 டிசம்பரில் இரண்டு போர்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்திற்கே அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய புரோகிராம்களை டிம் பீக் என்ற விண்வெளி வீரர் அவற்றில் இயக்கினார்.

இதே குடும்பத்தில் வேறு பொருள்களும் உண்டு. இத்தாலியில் 2005-ல் பிறந்த ‘ஆர்டுயினோ’ முழுக் கம்ப்யூட்டர் அல்ல. ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சிறு போர்டு. பிரிட்டனில் 2016-ல் 11, 12 வயது மாணவர்களுக்கு ‘மைக்ரோபிட்’ என்ற போர்டு இலவசமாக வழங்கப்பட்டது. ராஸ்பெர்ரி பை நிறுவனமே 2021-ல் 4 டாலருக்கு ‘பிகோ’ என்ற சிறு போர்டை வெளியிட்டது. நமது அண்டை மாநிலமான கேரளத்திலும் 2015-ல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை வழங்கும் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. போர்டு வாங்கிக் கொடுத்தால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. தராசு வாங்கியவரெல்லாம் வியாபாரி ஆகிவிடுவதில்லை. ஆர்வத்தோடு வாங்கி, ஒரு வாரம் பார்த்துவிட்டு, மேசை டிராயரில் போட்டுவைத்த வீடுகளும் உண்டு. ஃபவுண்டேஷனும் இதை உணர்ந்தது. 2015-ல் ‘கோட் கிளப்’ என்ற அமைப்பைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு, பள்ளி முடிந்தபின் நடக்கும் இலவச வகுப்புகளிலும் ஆசிரியர் பயிற்சியிலும் பணம் செலவிட்டது. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், கூடச் செய்ய ஒரு நண்பன், இந்த இரண்டும் போர்டைவிட முக்கியம்.

தட்டுப்பாடு வந்தபோது

இந்தக் கதையில் கசப்பான பகுதியும் உண்டு. கொரோனா காலத்தை அடுத்து உலகம் முழுவதும் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2021 அக்டோபரில் இந்நிறுவனம் தன் வரலாற்றில் முதல் முறையாக விலையை ஏற்றியது. 2 ஜி.பி. நினைவகம் கொண்ட நான்காம் பதிப்பு 35 டாலரிலிருந்து 45 டாலர் ஆயிற்று.

விலையைவிடப் பெரிய சிக்கல், சரக்கே கிடைக்காததுதான். அதற்குள் பல தொழிற்சாலைகள் தங்கள் இயந்திரங்களுக்குள் இந்தப் போர்டை வைக்கத் தொடங்கியிருந்தன. போர்டு வராவிட்டால் அவர்கள் தொழில் நின்றுவிடும்; தொழிலாளிக்கு வேலை போகும். எனவே இருக்கும் சரக்கை முதலில் அவர்களுக்கே கொடுத்தது நிறுவனம். ஒன்று, இரண்டு என்று வாங்கும் மாணவர்களும் பொழுதுபோக்கினரும் மாதக் கணக்கில் காத்திருந்தனர். இடையில் சிலர் வாங்கிப் பதுக்கி, குறித்த விலைக்குப் பல மடங்கு வைத்து இணையத்தில் விற்றனர். ‘எங்களுக்காகத் தொடங்கியது, எங்களையே வெளியே நிறுத்திவிட்டது’ என்று பழைய வாடிக்கையாளர்கள் மனம் நொந்தனர்.

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதல்ல. பாமாயில் தட்டுப்பாடானால், மொத்தமாக எடுக்கும் ஓட்டல்காரருக்குக் கொடுப்பதா, அரை லிட்டருக்கு நிற்கும் தெருக்காரருக்குக் கொடுப்பதா? ஓட்டல்காரர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் கடை தொடங்கிய அன்று வந்து நின்றவர் தெருக்காரர். நிறுவனம் சொன்ன காரணம் சரியானதே. ஆயினும் நல்ல காரணம் இருப்பதால் வாடிக்கையாளரின் வருத்தம் தீர்ந்துவிடுவதில்லை. 2022 டிசம்பரில் ஒரு லட்சம் போர்டுகளைச் சில்லறையில் வாங்குவோருக்கென்றே ஒதுக்குவதாக அறிவித்தார்கள். ஒருவருக்கு ஒன்று என்ற கட்டுப்பாட்டைப் பல கடைகள் வைத்தன. 2023-ல் நிலைமை சீரானது. தட்டுப்பாடு வந்தவுடனேயே ஒரு சிறு பங்கைச் சில்லறை வாடிக்கைக்கென்று எடுத்து வைத்திருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

2023 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு 4 ஜி.பி. நினைவகத்துடன் 60 டாலரில் தொடங்கியது. 2024 ஜூனில் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இறங்கியது. 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதால் பல மாடல்களின் விலை மீண்டும் உயர்ந்தது. எனவே பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். வாங்கும் நாளில் விலை கேட்டே வாங்க வேண்டும்.

வாங்கும் முன் கவனிக்க

வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கணக்கில் கொள்ளலாம்.

1. போர்டின் விலை மொத்த விலை அல்ல. சார்ஜர், மெமரி கார்டு, கீபோர்டு, மவுஸ், டி.வி.யில் இணைக்கும் கேபிள் ஆகியவை தனி. இவற்றோடு வரியும் போக்குவரத்தும் சேர்த்தால் போர்டின் விலை அளவுக்கே ஆகிவிடலாம். வீட்டில் பழைய கீபோர்டு, மவுஸ் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

2. சார்ஜரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நான்காம் பதிப்புக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தர வேண்டும். பழைய செல்போன் சார்ஜரைச் செருகினால் போர்டு திணறும். காரணம் தெரியாமல் பிள்ளை சலித்துப்போகும்.

3. முறையாக நிறுத்தாமல் சுவிட்சை அணைத்தால், அல்லது மின்சாரம் திடீரென்று போனால், மெமரி கார்டில் உள்ளவை கெட்டுப்போகக் கூடும். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். கார்டு கெட்டால் மென்பொருளை இலவசமாக மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்பது இதில் உள்ள ஆறுதல்.

4. பின்கள் தாங்குவது 3.3 வோல்ட் மட்டுமே. தவறாக 5 வோல்ட் கொடுத்தால் போர்டு போய்விடும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் விளக்கு, மின்விசிறி ஆகியவற்றை இதனுடன் இணைக்கும் வேலையைப் பிள்ளைகள் தனியாகச் செய்யவே கூடாது. பேட்டரியில் எரியும் சிறு விளக்குகளே தொடக்கத்திற்குப் போதும்.

5. தொடக்கத்திற்கு ‘ஸ்கிராட்ச்’ என்ற மென்பொருள் ஏற்றது. படக் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கலாம். பிறகு ‘பைதான்’ என்ற மொழி. ராஸ்பெர்ரி பை என்ற பெயரில் உள்ள ‘பை’ இந்த மொழியிலிருந்தே வந்தது.

கடைக்கு உதவுமா?

பில் போடும் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே பதில். விண்டோஸுக்காகச் செய்யப்பட்ட பில் மென்பொருள் இதில் நேரடியாக ஓடாது. மேலும் நான்காம் பதிப்பு வரை இதில் கடிகாரம் இல்லை. இணையத் தொடர்பு இல்லாமல் இயக்கினால் தேதியே தவறாக இருக்கும். தேதி தவறிய பில் என்ன வம்பைக் கொண்டுவரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சிறு வேலைகளுக்கு உதவும். டி.வி.யில் அன்றைய விலைப்பட்டியலைக் காட்டலாம். ஐஸ்கிரீம், பால் வைக்கும் ஃப்ரீஸரின் வெப்ப அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்து, இரவில் மின்சாரம் எவ்வளவு நேரம் இல்லை, சரக்கு எவ்வளவு சூடாயிற்று என்று காலையில் பார்க்கலாம். ஒரு வெப்ப உணரியும் சில வரிப் புரோகிராமும் போதும். பள்ளிப் பிள்ளை ஒன்று விடுமுறையில் செய்யக்கூடிய வேலை இது. கெட்டுப்போன பாலைக் கொட்டிய கடைக்காரருக்கு இதன் அருமை தெரியும்.

உங்கள் மகனோ மகளோ இதைக் கேட்டால் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். கல்லாவில் உட்காரப் பழக்கும்போது முதல் நாளே பெரிய நோட்டுகளை ஒப்படைப்பதில்லை. சில்லறைக் காசை எண்ணக் கொடுத்து, தவறினால் திருத்தித்தான் பழக்குகிறோம். அந்தச் சில்லறைக் காசைப் போன்றதுதான் இந்தப் போர்டு. தவறு செய்தால் போவது கொஞ்சம். கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் முதல்.